உரோமரின் பெயர்கள் எல்லாம் லத்தீன்தானா?

ஜூலியஸ் சீசர், சிசரோ, நீரோ, பொந்தியு பிலாத்து போன்ற பண்டைய உரோமப் பெயர்கள் லத்தீன் சொற்கள்தானா, அவற்றுக்குப் பொருள் உண்டா என்பது கேள்வி. சுருக்கமான பதில் இதுதான்: உரோமர் பேசியது லத்தீன், ஆனால் அவர்கள் பெயர்கள் லத்தீனுக்குள் மட்டும் பிறந்தவை அல்ல. ஒரே மனிதரின் பெயரில் ஒரு பகுதி லத்தீனாகவும் இன்னொரு பகுதி இத்தாலியின் அண்டை மொழிகளான ஆஸ்கனாகவோ எத்ருஸ்கனாகவோ இருப்பதும் வெகு இயல்பு. முழுப்பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டு 'இது எந்த மொழி' என்று கேட்டால் சரியான விடை கிடைக்காது. பெயரைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

கி.மு. முதல் நூற்றாண்டில் ஓர் உரோமக் குடிமகனின் பெயரில் வழக்கமாக மூன்று பகுதிகள் இருந்தன. பிரைநோமன் என்பது பிள்ளைக்கு வீட்டில் வைக்கும் முதற்பெயர். நோமன் என்பது தந்தைவழி வரும் குலப்பெயர். காக்னோமன் என்பது ஓர் ஆளுக்கோ குலத்தின் ஒரு கிளைக்கோ அமைந்த பட்டப்பெயர். கவிஞர் ஓவிடையே எடுத்துக்கொள்வோம். அவருடைய முழுப்பெயர் பப்லியஸ் ஓவிடியஸ் நாசோ. பப்லியஸ் என்பது பழைய லத்தீனில் பொப்ளியோஸ் என்றிருந்த மிகப் பழைய முதற்பெயர். ஓவிடியஸ் என்பதன் '-இடியஸ்' என்னும் ஈறு நடு இத்தாலிய மலைநாட்டுக் குலப்பெயர்களில் மலிந்து கிடப்பது. கவிஞரின் ஊரான சுல்மோ, ஆஸ்கனுக்கு நெருங்கிய உறவுடைய மொழியைப் பேசிய பெலிக்னி மக்களின் ஊர். நாசோ மட்டும் யாருக்கும் விளங்கும் லத்தீன்: 'நாசுஸ்' என்றால் மூக்கு; நாசோ என்றால் பெரிய மூக்கு உடையவன், நம் வழக்கில் சொன்னால் மூக்கன். மூன்று சொற்களும் மூன்று வெவ்வேறு காலங்களில் வந்து ஒட்டிக்கொண்டவை.

இந்த மூவடுக்கு முறையே ஒரு விந்தைதான். லத்தீன் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. அக்குடும்பத்தின் பிற கிளைகளில் மதிப்புடையோர் பெயர் இரண்டு சொற்களைக் கோத்த ஒற்றைத் தொகைப்பெயராக இருக்கும். சமஸ்கிருதத்தில் தேவதத்தன், கிரேக்கத்தில் தியோடோரோஸ், கெல்டிக்கில் வெர்சிங்கெடோரிக்ஸ் எல்லாம் அந்த வார்ப்பில் வந்தவை. லத்தீனிலோ வரலாறு தொடங்கும் காலத்திலேயே இவ்வகைப் பெயர் மறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக நிற்கும் முதற்பெயர்-குலப்பெயர் அமைப்பு லத்தீனுக்கு மட்டும் உரியதுமன்று. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தையே சேராத எத்ருஸ்கனிலும், தெற்கிலும் நடுவிலும் பேசப்பட்ட ஆஸ்கன், உம்பிரியன் மொழிகளிலும் அதே அமைப்பு உண்டு. பேச்சில் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியாத அண்டை மக்கள், கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டுகளில் பெயரிடும் முறையில் மட்டும் ஒன்றுபட்டிருந்தார்கள். முறை பொதுவானதால் பெயர்களும் எல்லை தாண்டித் தாராளமாக ஊர் மாறின.

உரோமருடைய பெயர் இளமையில் எப்படி ஒலித்தது என்பதை ஒரு கல் காட்டுகிறது. உரோமுக்குத் தெற்கே சாத்ரிகும் என்னும் இடத்தில் ஒரு கோயிலின் அடித்தளத்திலிருந்து 1977இல் கிடைத்த அக்கல்வெட்டு ஏறத்தாழ கி.மு. 500ஐச் சேர்ந்தது. அதில் 'பொப்ளியோசியோ வலேசியோசியோ சுவொதாலெஸ் மாமர்த்தெய்' என்று இருக்கிறது; பப்லியஸ் வலேரியஸின் தோழர்கள் செவ்வாய்க் கடவுளுக்கு நாட்டியது என்பது பொருள். குடியரசின் தொடக்ககாலத் தலைவராகச் சொல்லப்படும் பப்லியஸ் வலேரியஸ்தான் இவர் என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. மொழியைப் பார்ப்பவருக்கு அந்த வழக்கைவிட அதிலுள்ள எழுத்துகள் முக்கியம். செம்மை லத்தீனில் 'வலேரியஸுடைய' என்பதற்கு வலேரீ என்பார்கள்; இங்கே இருப்பது வலேசியோசியோ. இறுதியிலுள்ள '-ஓசியோ' என்னும் உடைமை உருபு சமஸ்கிருதத்தில் 'தேவஸ்ய' என்பதில் வரும் '-அஸ்ய' உருபின் உடன்பிறப்பு. நடுவிலுள்ள சகரமோ பின்னால் ரகரமாகத் திரியப்போகிறது.

உயிர்களுக்கு நடுவே நின்ற சகரம் ரகரமாகிய இத்திரிபு லத்தீனில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் நிறைவுற்றது. வலேசியஸ் வலேரியஸ் ஆனதும், ஃபூசியஸ் ஃபூரியஸ் ஆனதும் இதனால்தான். பப்பீசியஸ் என்றிருந்த தன் குலப்பெயரைப் பப்பீரியஸ் என்று முதலில் மாற்றிக்கொண்டவர் சர்வாதிகாரியாக இருந்த லூசியஸ் பப்பீரியஸ் கிராசஸ் என்று பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அந்த நண்பரும் ஒரு பப்பீரியஸ். தன் முன்னோர் வரலாற்றையே சரியாக அறியாதவரைச் சிசரோ கடிதத்தில் சற்றே சீண்டுகிறார் என்பது இதில் ஒரு சுவை. ஓர் ஒலி மாற்றத்துக்கு இவ்வளவு துல்லியமான காலச் சான்று பழைய மொழிகளில் அரிது. அது கிடைத்தது பெயர்களால்தான். பேச்சில் ஒரு சொல் மாறினால் யாரும் குறித்து வைப்பதில்லை. குடும்பப் பெயரின் எழுத்து மாறினால் குடும்பம் நினைவில் வைத்திருக்கும்.

முதற்பெயர்களுக்கு வருவோம். குடியரசின் கடைசிக் காலத்தில் ஆண்களுக்குப் பரவலாக வழங்கிய முதற்பெயர்கள் ஏறத்தாழ 18தான். பெண்களுக்கு அதுவும் பெரும்பாலும் இல்லை. ஜூலியஸ் குலத்தில் பிறந்தால் ஜூலியா, டுல்லியஸ் குலத்தில் பிறந்தால் டுல்லியா. ஆண் முதற்பெயர்களில் சில வெளிப்படையான லத்தீன். லூசியஸ் 'ஒளி' என்னும் சொல்லோடும், மானியஸ் 'காலை' என்னும் சொல்லோடும், மார்க்கஸ் செவ்வாய்க் கடவுளான மார்ஸின் பெயரோடும் உறவுடையவை. குயின்டஸ், செக்ஸ்டஸ், டெசிமஸ் ஆகியவை முறையே ஐந்தாவது, ஆறாவது, பத்தாவது என்று பொருள்படும். இவற்றைப் பிறப்பு வரிசை என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அப்படியானால் முதலாவது, இரண்டாவது என்னும் பெயர்கள்தான் அதிகமாக இருந்திருக்க வேண்டும். அவையோ ஆண் முதற்பெயர்ப் பட்டியலில் காணப்படுவதே அரிது. சிசரோவின் தம்பி குயின்டஸ் வீட்டின் இரண்டாவது மகன். பழைய நாள்காட்டியில் ஜூலைக்குக் குயின்டிலிஸ் என்றும் ஆகஸ்ட்டுக்குச் செக்ஸ்டிலிஸ் என்றும் பெயர் இருந்ததை நினைத்தால், தொடக்கத்தில் இவை பிறந்த மாதத்தைக் குறித்திருக்கலாம் என்னும் விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பின்னால் அந்தப் பொருளும் தேய்ந்து, பாட்டன் பெயர் என்பதற்காகவே வைக்கப்பட்டன.

மிகப் பரவலான கையஸ் என்னும் பெயரில்தான் சிக்கல். பெற்றோரின் மகிழ்ச்சியால் வந்த பெயர் என்று உரோமர் சொன்னது, ஒலி ஒற்றுமையை வைத்துச் சொன்ன கதை. ஆஸ்கனில் இப்பெயர் வகரத்தோடு காவிஸ் என்று இருக்கிறது; எனவே லத்தீன் வடிவம் நடுவிலிருந்த வகரத்தை இழந்தது என்பது மட்டும் உறுதி. இன்னொரு புதிர், இப்பெயரை உரோமர் சுருக்கி எழுதும்போது 'ஜி' எழுத்தால் எழுதாமல் 'சி' எழுத்தால் எழுதுவது. தமிழ் படித்தவருக்கு இதன் காரணம் மற்றவர்களைவிட எளிதில் விளங்கும். ககரத்துக்கு நாம் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு, கடல் என்பதில் ஒருவிதமாகவும் தங்கம் என்பதில் ஒருவிதமாகவும் ஒலிக்கிறோம் அல்லவா? எத்ருஸ்கரும் வல்லொலி, மெல்லொலி வேறுபாட்டை எழுத்தில் காட்டவில்லை. அவர்கள் மொழிக்கு அது தேவைப்படவில்லை. அவர்கள் வழியாக வந்த நெடுங்கணக்கைக் கொண்ட உரோமருக்கும் தொடக்கத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அந்த எழுத்தில் ஒரு சிறு கோட்டைச் சேர்த்து 'ஜி' எழுத்தை உண்டாக்கிய பிறகும், கையஸ், நேயஸ் ஆகிய இரண்டு முதற்பெயர்களின் சுருக்கங்கள் பழைய எழுத்திலேயே உறைந்துவிட்டன. கோவை வட்டாரத்துப் புதையல்களில் மிகுதியாகக் கிடைக்கும் அகஸ்டஸின் வெள்ளிக்காசில் இதைக் கண்ணால் காணலாம். கேடயங்களோடும் ஈட்டிகளோடும் இரண்டு இளைஞர் நிற்பார்கள்; எழுத்துவரிசை 'சி', 'எல்' என்று தொடங்கும். அவர்கள் அகஸ்டஸ் தத்தெடுத்துக்கொண்ட பேரன்மார், கையஸும் லூசியஸும்.

வேறு சில முதற்பெயர்கள் எத்ருஸ்கனோடு பிணைந்தவை. ஆலஸ் என்பது எத்ருஸ்கனில் அவ்லே. ஸ்பூரியஸ் என்பதை ஊர் என்று பொருள்படும் எத்ருஸ்கச் சொல்லான 'ஸ்புர'வோடு சேர்ப்பார்கள். அப்படியானால் மிகக் கண்ணியமான பெயர். ஆனால் பிற்காலத்தில் தந்தை பெயர் தெரியாதவரைக் குறிக்க அச்சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கியதால், நல்ல குடும்பங்கள் அதைக் கைவிட்டன. திபேரியஸ் என்பது டைபர் ஆற்றின் பெயரோடு இணைந்தது. 1964இல் பிர்கி என்னும் பழைய துறைமுகத்தில் பொன்னேடுகள் கிடைத்தன. எத்ருஸ்கனிலும் பினீசிய மொழியிலும் எழுதப்பட்ட அவற்றில் நன்கொடை கொடுக்கும் சேரே நகர ஆட்சியாளனின் பெயர் தெஃபாரியே. அது திபேரியஸின் எத்ருஸ்க வடிவம். ஆறு ஒன்று, கரைகள் இரண்டு, மொழிகளும் இரண்டு. ஒரு பெயரை 'இன்னார் உடைமை' என்று எழுதிக்கொடுக்க முடியாத இடம் இது.

குலப்பெயர்தான் இந்த ஆராய்ச்சியின் நெஞ்சுப் பகுதி. '-இயஸ்' என்னும் ஈறு முதலில் 'இன்னாருடைய மகன்', 'இன்னாரைச் சேர்ந்தவன்' என்று பொருள் தந்த பெயரடை விகுதி. டுல்லஸின் மகன் டுல்லியஸ். பிறகு மகனின் மகனும் டுல்லியஸ் என்றே நின்றபோது அது தந்தை பெயராக இல்லாமல் குலப்பெயராகிவிட்டது. லத்தீனில் இவ்வேலையைச் செய்தது '-இயஸ்' என்றால், எத்ருஸ்கனில் '-ந'. ஆகவே உரோம வரலாற்றில் '-னா' என்று முடியும் ஆண் பெயரைக் கண்டால் காதைத் தீட்டிக்கொள்ளலாம்: பெர்பெர்னா, கேசினா, வைபென்னா. மார்ச் 15இல் அபாயம் இருக்கிறது என்று சீசரை எச்சரித்த குறிசொல்லியின் பெயர் ஸ்புரின்னா. மேலே பார்த்த அதே 'ஸ்புர' வேர், அதன்மேல் எத்ருஸ்க விகுதி. குறிபார்க்கும் கலை எத்ருஸ்கருக்கு உரியது என்பதால் பெயரும் தொழிலும் பொருந்தி வருகின்றன.

இதற்குச் சிறந்த சாட்சி வுல்சி நகரத்தில் 1857இல் திறக்கப்பட்ட பிரான்சுவா கல்லறை. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் சுவரோவியத்தில் ஒரு சண்டைக்காட்சி. ஒவ்வொரு உருவத்தின் அருகிலும் பெயர் எழுதியிருக்கிறது. மேலே சொன்ன வைபென்னா என்னும் பெயரின் எத்ருஸ்க வடிவத்தோடு அவ்லே விபினாஸும் கைலே விபினாஸும் அதில் இருக்கிறார்கள். ஓர் ஓரத்தில், வாளை உருவும் ஒருவனின் கையில் சிக்கியிருப்பவனின் பெயர் 'க்னேவே தர்க்குனியெஸ் ருமக்'. லத்தீனில் படித்தால் நேயஸ் டார்குவினியஸ், உரோம்காரன். உரோமை ஆண்ட டார்குவின் குலத்தின் பெயரை எத்ருஸ்கர் தங்கள் வாயால் சொன்ன வடிவம் அதுவே. குலத்தின் பூர்வீக ஊராகச் சொல்லப்படும் தார்குவினியின் எத்ருஸ்கப் பெயர் தர்க்னா. அதே சுவரில் மக்ஸ்த்ர்ன என்று ஒருவன், கட்டுண்ட கைலே விபினாஸை விடுவிக்கிறான். பேரரசர் கிளாடியஸ் கி.பி. 48இல் ஆற்றிய உரையின் வெண்கலப் பட்டயம் லியோன் நகரில் கிடைத்திருக்கிறது. உரோம அரசன் செர்வியஸ் டுல்லியஸை எத்ருஸ்கர் மஸ்தர்னா என்று அழைத்தார்கள் என்று அதில் அவர் சொல்கிறார். கிளாடியஸ் எத்ருஸ்க வரலாற்றை 20 பகுதிகளாக எழுதியவர். இந்த விஷயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லுபவர் அல்லர். இதில் மொழி ஆர்வலருக்குத் தேன், மக்ஸ்த்ர்ன என்னும் சொல்லே தலைவன் என்று பொருள்படும் லத்தீன் 'மஜிஸ்டர்' மேல் எத்ருஸ்க '-ந' ஏறியதாகத் தோன்றுவதுதான். கடன் ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை.

1904இல் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் ஷூல்ட்சே உரோமக் குலப்பெயர்களை எத்ருஸ்கப் பெயர்களோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டு, லத்தீன் என்று நினைத்த ஏராளமானவற்றுக்கு எத்ருஸ்கத் தொடர்பு காட்டினார். அவர் உழைப்புக்கு ஈடில்லை. ஆனால் ஒரே பெயர் இரு மொழியிலும் இருந்தால் அது எத்ருஸ்கனிலிருந்தே வந்தது என்று முடிவு கட்டும் போக்கு அவருக்குப் பிறகு மிகையாகிவிட்டது. எத்ருஸ்கரும் லத்தீன், ஆஸ்கன் பெயர்களை எடுத்துக்கொண்டு தம் விகுதியை ஒட்டிக்கொண்டார்கள் என்பதை இப்போது எல்லோரும் ஏற்கிறார்கள்.

ஆஸ்கன் பக்கம் வந்தால் ஓர் அழகான சாவி கிடைக்கிறது. லத்தீனில் 'குவ' ஒலி வரும் இடத்தில் ஆஸ்கனில் பகரம் வரும். ஐந்து என்பதற்கு லத்தீனில் குவின்குவே, ஆஸ்கனில் பொம்பே. லத்தீன்காரர் ஐந்தாவது என்னும் பொருளில் குயின்டஸ் என்று முதற்பெயரும் குயின்க்டியஸ் என்று குலப்பெயரும் வைத்துக்கொண்டார்கள். ஆஸ்கன் வழியில் அதற்கு நிகரானவை பொம்பேயஸ், பொம்போனியஸ், பொந்தியஸ். சீசரின் எதிரி பொம்பேயும், கி.மு. 321இல் கௌடியம் கணவாயில் உரோமப் படையை மடக்கித் தலைகுனியவைத்த, ஆஸ்கன் பேசிய சாம்னிய மக்களின் தளபதி கையஸ் பொந்தியஸும் இந்த 'ஐந்து' வழியில் வந்தவர்களே. விவிலியம் படித்த தமிழர் எல்லோரும் அறிந்த பொந்தியு பிலாத்துவின் குலப்பெயரும் இதுவே. யூதேயாவை ஆண்ட அந்த அதிகாரி குலப்பெயரளவில் சாம்னிய மலைநாட்டுக்காரர். 1961இல் செசரேயாவில் கிடைத்த கல்லில் அவருடைய குலப்பெயரின் பின்பாதியும் பிலாட்டஸ் என்பதும் பதவிப்பெயரும் எஞ்சியிருக்கின்றன. முதற்பெயர் இருந்திருக்கக்கூடிய பகுதி உடைந்துவிட்டது.

இன்னொரு சாவி, சொல் நடுவிலுள்ள ஃபகரம். லத்தீன் அங்கே பெரும்பாலும் பகரத்தை மெலித்து ஒலிக்கும். ஆஸ்கனும் உம்பிரியனும் ஃபகரத்தை வைத்துக்கொள்ளும். சிவப்புக்கு உரிய லத்தீன் சொல் 'ரூபெர்'. செம்பட்டைத் தலையன் என்னும் பொருளில் வழங்கும் ரூஃபஸோ மலைநாட்டு ஒலியோடு ஊருக்குள் வந்தது. வெண்மையிலிருந்து வரும் ஆல்பியஸும் ஆல்ஃபியஸும் இப்படிப் பிரிந்த அண்ணன் தம்பி. நீரோ என்பது உரோமுக்கு வடகிழக்கே வாழ்ந்த சபைன் மக்களின் சொல். வலியவன், துணிந்தவன் என்று பொருள் என்று உரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் குறித்திருக்கிறார். சமஸ்கிருத 'நர', கிரேக்க 'அனேர்' ஆகியவற்றோடு அதற்குள்ள உறவு உறுதியானது. உரோம் பற்றி எரிந்த கதையில் நாம் பழிக்கும் பெயரும் நரசிம்மம் என்பதிலுள்ள நரனும் ஒரே வேர். நீரோக்களின் கிளாடியஸ் குலமே சபைன் நாட்டிலிருந்து வந்தது என்பது உரோமர் மரபு; குலமுதல்வன் பெயர் அட்டஸ் கிளாசஸ். ஊர்ப்பக்கப் பேச்சில் 'ஔ' ஒலி 'ஓ' ஆகும் என்பதால் அதே பெயருக்கு குளோடியஸ் என்று ஒரு வடிவமும் உண்டு. இந்த 'ஔ'காரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சபைன் நாட்டு ரியாட்டே பக்கத்திலிருந்து வந்த பேரரசர் வெஸ்பாசியன், வண்டியைக் குறிக்கும் சொல்லைப் 'ப்ளோஸ்ட்ரா' என்றபோது, மெஸ்ட்ரியஸ் ஃப்ளோரஸ் என்பவர் அதைப் 'ப்ளௌஸ்ட்ரா' என்று சொல்ல வேண்டும் எனத் திருத்தினார். மறுநாள் அரசர் அவரை 'வாரும், ஃப்ளௌரஸ்' என்று வரவேற்றாராம்.

இத்தாலியின் இந்தப் பெயர்க் கலவை தமிழ் மண்ணிலும் தடம் பதித்திருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் அரெட்டைன் என்னும் சிவப்புப் பளபளப்பு மட்கலங்களின் ஓடுகள் கிடைத்தன. இவ்வகைக் கலங்களுக்குப் பேர்போன ஊர் எத்ருஸ்க நகரமாக இருந்த அரெட்டியம், இன்றைய அரெஸ்ஸோ. அடிப்புறத்தில் பட்டறைக்காரரின் முத்திரை குத்தியிருக்கும்; அரிக்கமேட்டு ஓடுகளில் 'விபீ', 'கமுரீ' என்று படிக்கப்பட்ட முத்திரைகள் உள்ளன. ஈற்றிலுள்ள ஈகாரம் 'உடைய' என்னும் உருபு: விபியஸுடையது, கமுரியஸுடையது. விபியஸ் என்பது ஆஸ்கனில் முதற்பெயர், எத்ருஸ்கனில் விபி. வுல்சிக் கல்லறைச் சுவரில் நாம் கண்ட விபினாஸும் அதே வேரில் கிளைத்தது. கல்லறைக்குள் வீரனாக நின்ற பெயர், ஒரு குயவர் பட்டறையின் பெயராகித் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வங்கக் கடலோரம் வரை வந்திருக்கிறது.

பட்டப்பெயர்கள் மூன்றிலும் இளையவை. அதனால்தான் பொருள் பளிச்சென்று தெரிகிறது. உரோமர் இதில் சற்றும் நாசூக்குப் பார்த்தவர்கள் அல்லர். பால்பஸ் திக்குவாயன், கிராசஸ் தடியன், சீக்கஸ் குருடன், ஃப்ளாக்கஸ் தொங்குகாதன். '-ஓ' விகுதி உறுப்பை ஆளாக்கும்: தலையிலிருந்து கேபிட்டோ, உதட்டிலிருந்து லேபியோ, மூக்கிலிருந்து நாசோ. மாறுகண் என்னும் ஸ்ட்ராபோ கிரேக்கத்திலிருந்து வந்தது. நாடகாசிரியர் பிளாட்டஸின் பெயர் தட்டைப் பாதத்தைக் குறிப்பது. அவர் பிறந்த சார்சினா உம்பிரிய ஊர். சிசரோ என்பது கொண்டைக்கடலை என்னும் 'சிசெர்' அடியாகப் பிறந்தது. முன்னோர் ஒருவரின் மூக்கு நுனியில் கடலையில் இருப்பதுபோல் ஒரு வெட்டு இருந்ததாம் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அரசியலில் இறங்கும்போது இந்தப் பெயரை மாற்றிக்கொள்ளும்படி நண்பர்கள் சொன்னதற்கு, ஸ்காரஸ், கேட்டுலஸ் என்னும் பெயர்களைவிட இதைப் புகழ்பெறச் செய்கிறேன் என்றாராம் சிசரோ. கணுக்கால் வீங்கியவனும் நாய்க்குட்டியும் மேட்டுக்குடிப் பெயர்களாக இருக்கும்போது கடலைக்கு என்ன குறைச்சல்? சிசிலியில் அதிகாரியாக இருந்தபோது கோயிலுக்குக் கொடுத்த வெள்ளிப் பாத்திரத்தில் மார்க்கஸ் டுல்லியஸ் என்று எழுத்தில் பொறித்துவிட்டு, மூன்றாவது பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கடலையின் உருவத்தைச் செதுக்கச் சொன்னார் என்பதும் புளூட்டார்க் சொல்வதே.

கேள்வியில் முதலாவதாக இருந்த சீசருக்குத்தான் நேரான விடை இல்லை. வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன், அடர்ந்த முடியோடு பிறந்தவன், சாம்பல்நிறக் கண்ணன், மூர் மொழியில் யானை என்று பொருள்படும் சொல்லால் பெயர் பெற்றவன் என நான்கு கதைகளைப் பழையவர்களே சொல்லிவிட்டார்கள். முதல் கதையை ஜூலியஸ் சீசரின் பிறப்போடு சேர்ப்பது தவறு. கி.மு. 208இலேயே செக்ஸ்டஸ் ஜூலியஸ் சீசர் என்று ஒரு பிரீட்டர், அதாவது உயர் நீதி அதிகாரி, இருந்தார். ஜூலியஸ் சீசரின் தாய் அவ்ரேலியாவோ மகன் இன்றைய பிரான்சுப் பகுதியான கால் நாட்டை வெல்லும் காலம்வரை உயிரோடு இருந்தார். இப்பெயரில் சகரம் ரகரமாகாமல் நிற்பதையும் கவனிக்க வேண்டும். பின்னால் ஒரு ரகரம் வரும் சில சொற்களில் அத்திரிபு தடைபடும். முடி என்று பொருள்படும் 'சீசரியேஸ்' அத்தகைய சொல். இரண்டும் ஒரே சாயலில் நிற்பதால் நான்கில் ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும் என்றால் முடிக் கதையைத் தேர்வேன். சீசருக்கு வழுக்கை என்பது வேறு விஷயம்.

பேரரசு விரிந்தபோது மூன்றாவது பெயரின் வாசல் வழியாக வெளிமொழிகள் நுழைந்தன. விடுதலை பெற்ற அடிமை எஜமானரின் முதல் இரண்டு பெயர்களையும் ஏற்று, தன் பழைய பெயரைப் பட்டப்பெயராக வைத்துக்கொள்வான். சிசரோவின் செயலர் மார்க்கஸ் டுல்லியஸ் டீரோ ஆனது அப்படி. அடிமைகளின் பெயர்களில் கிரேக்கம் மலிந்திருந்தது. ஆனால் அதை வைத்து ஆள் கிரேக்கர் என்று முடிவு செய்துவிடக் கூடாது. எபேசுவில் மூவர் ஆளுக்கோர் அடிமையை வாங்கினால், ஒருவர் விற்றவன் ஆர்ட்டெமிடோரஸின் பெயரைச் சுருக்கி ஆர்ட்டெமாஸ் என்பார், ஒருவர் அயோனியா நாட்டை வைத்து அயோன் என்பார், ஒருவர் ஊரை வைத்து எபேசியஸ் என்பார் என்று உரோம அறிஞர் வாரோ எழுதியிருக்கிறார். வாங்கப்பட்டவனின் தாய் வைத்த பெயரைப் பற்றி மூவரும் கேட்கவில்லை. கால் நாட்டுத் தலைவர்கள் தம் பெயரை விடவில்லை: கி.மு. 12இல் லியோன் பலிபீடத்தின் முதல் பூசகர் கையஸ் ஜூலியஸ் வெர்கொண்டரிடப்னஸ், முன்பாதி முழுக்க உரோம், பின்பாதி முழுக்கக் கெல்டிக். லிபியக் கடற்கரையின் லெப்டிஸ் மேக்னா அரங்கத்தைக் கி.பி. 1-2இல் கட்டிக்கொடுத்தவர் அன்னோபால் டபாபியஸ் ரூஃபஸ். அன்னோபால் என்பது ஹன்னிபாலே, பாகால் என்னும் கடவுளின் பெயரால் 'பாகாலின் அருள்' என்று பொருள்படும், கார்த்தேஜ் நகரத்தார் பேசிய பியூனிக் மொழியின் பெயர். ரூஃபஸ் மலைநாட்டு ஒலியோடு லத்தீனுக்கு வந்த அதே செம்பட்டை.

212இல் பேரரசர் கரகல்லா அடிமையல்லாத ஏறக்குறைய எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்தபோது புதுக்குடிகளில் பெரும்பாலோர் அவருடைய அவ்ரேலியஸ் என்னும் குலப்பெயரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் உரிய குலப்பெயர் யாரையும் அடையாளம் காட்டாது. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் கடைசிப் பெயரே ஆளின் பெயராக நின்றது. வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் சிற்றூரில் 4ஆம் நூற்றாண்டில் ஒரு வீடு. தந்தை பட்ரீசியஸ், லத்தீன். தாய் மோனிக்கா, அது உள்ளூர் பெர்பெர் மொழியின் பெயர் என்பதே ஆய்வாளர் கருத்து. மகன் அவ்ரேலியஸ் அகஸ்டீனஸ், நாம் புனித அகுஸ்தீனார் என்பவர். அவருக்கு ஒரு பிள்ளை பிறந்தபோது வைத்த பெயர் அடியோடேட்டஸ், கடவுளால் கொடுக்கப்பட்டவன். பியூனிக்கில் 'பாகாலின் கொடை' என்று பிள்ளைகளுக்குப் பெயரிட்டுப் பழகிய நாடு, அதையே லத்தீனில் சொல்லிக்கொண்டது. தேவதத்தன், தியோடோரோஸ் என்னும் வார்ப்பு லத்தீனில் மறைந்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, பியூனிக் வழியாகத் திரும்பி வந்து அந்தத் தொட்டிலில் ஏறியது.